பெரிய கதிரைப் பொறுக்கினால் அடுத்த போகம் கூடுமா?

அறுவடை இயந்திரம் வயலில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு டெல்டாவில் பல ஊர்களில் நடக்கும் வேலை ஒன்று உண்டு. வரப்பில் நடந்தபடி கண்ணில் படும் பெரிய கதிர்களை அறுத்து, பிடிப்பிடியாகக் கட்டி, விதைக்கென்று எடுத்து வைப்பார்கள். பெரிய கதிரின் பிள்ளையும் பெரிய கதிராகத்தான் வரும் என்பது கணக்கு.

ஆடுதுறை 43 என்ற ஆராய்ச்சி நிலைய ரகம் நட்ட வயலில் இப்படிப் பொறுக்கினால் மரபு வழியில் விளைச்சல் ஒரு மணிகூடக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பா என்ற நாட்டு ரகத்தின் வயலில் விளைச்சல் கூடுவதற்கு வாய்ப்புண்டு. ஆனால் அங்கேயும் வரப்பில் நடந்து பொறுக்கினால் கூடாது. வயலுக்குள் செடிக்குச் செடி மரபணு வேறுபாடு இருக்கிறதா, விதை எடுக்கும்போது நாம் கண்ணால் பார்க்கும் பண்பு ஒரு மரபணு ஆட்டிவைப்பதா, பல மரபணுக்கள் சேர்ந்து ஆட்டிவைப்பதா என்பதைப் பொறுத்தது அது.

முதலில் எளிதானது: அரிசியின் நிறம். நெல்லின் 12 ஜோடி குரோமோசோம்களில் ஏழாவதில் ஆர்சி என்று ஒரு மரபணு இருக்கிறது. அது வேலை செய்தால் அரிசியின் மேல்தோலில் நிறம் ஏறத் தொடங்கும். முதல் குரோமோசோமில் இருக்கும் ஆர்டி என்ற இன்னொன்றும் வேலை செய்தால் அந்த நிறம் சிவப்பாக முடியும். ஆர்சி இருந்து ஆர்டி பழுதானால் பழுப்போடு நின்றுவிடும். ஆர்சி பழுதானால் ஆர்டி எப்படி இருந்தாலும் அரிசி வெள்ளைதான். நாம் சாப்பிடும் வெள்ளை ரகங்களில் பெரும்பாலானவற்றில் ஆர்சி மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அந்த 14 எழுத்துதான் குடவாழைக்கும் பொன்னிக்கும் நிறத்தில் உள்ள வேறுபாடு. இரண்டு மரபணுவிலும் வேறுபட்ட சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டுச் சேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் 16-க்கு 9 சிவப்பு, 3 பழுப்பு, 4 வெள்ளை என்று பிரியும். கறுப்பு அரிசிக்கு இன்னும் ஓர் அடுக்கு கூடும். காலா1, காலா3, காலா4 என்று மூன்று இடங்கள் கைகோத்தால்தான் முழுக் கறுப்பு வரும். கவுனி மாதிரியான கறுப்பு நெல் பக்கத்து வயலோடு கலந்தால் சாம்பலும் திட்டுமாக அரிசி வருவது இதனால்தான்.

நிறத்தில் விவசாயியை ஏமாற்றும் விஷயம் வேறொன்று. அரிசியின் மேல்தோல் தாய்ச்செடியின் சதை. பிள்ளைக்கு அதில் பங்கில்லை. வெள்ளை ரகத்தின் பூவில் சிவப்பு ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும் அந்த ஆண்டு விளையும் மணி வெள்ளையாகவே இருக்கும், உள்ளே கலப்பு நடந்துவிட்டது என்று எந்த அடையாளமும் இராது. மறு ஆண்டு அந்த மணி முளைத்துச் செடியாகும்போது அந்தச் செடியின் எல்லா மணியும் சிவப்பு. அதையும் உமி மூடியிருப்பதால் அரவைக்குப் போகும்வரை தெரியாது. மூன்றாம் ஆண்டு அந்த மணிகளிலிருந்து வரும் செடிகள் பிரியும்: ஆர்சி மட்டும் வேறுபட்டிருந்தால் நான்கில் மூன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. ஆக, கலப்பு நடந்தது ஒரு போகம், கண்ணில் படுவது இரண்டு போகம் தள்ளி. விதை கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே உயரம் உதவிக்கு வருகிறது. ஐ.ஆர்.8 ரகம் 1966-இல் வந்தபோது கூடவே வந்தது எஸ்டி1 என்ற குட்டை மரபணு. சீனத்து டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற குட்டை ரகத்திலிருந்து வந்தது அது. ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி ஒன்று பழுதானதுதான் அந்தக் குட்டை. நாம் நடும் குட்டை ரகங்களில் மிகப் பலவும் அந்தப் பழுதைச் சுமப்பவை. பழுது ஒடுங்கு பண்பு என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் செடி குட்டை. குட்டை ரகத்தில் நெட்டை நாட்டு ரகத்தின் மகரந்தம் விழுந்து பிறந்த முதல் தலைமுறைச் செடி நெட்டையாக நிமிர்ந்து நிற்கும். இரண்டாம் ஆண்டு வயலில் அதைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டால் சிவப்பும் சேர்ந்து போய்விடும். விட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டு 16 பிள்ளைகளில் 12 சிவப்பு. அந்தப் பன்னிரண்டில் 9 நெட்டை, 3 குட்டை. அந்த மூன்றை எந்தக் கண்ணாலும் உயரம் பார்த்துப் பிடிக்க முடியாது. கலவனை, அதாவது வேற்றுச் செடியை, பிடுங்குவதை ஒரு போகம் தள்ளிப்போடுவதன் விலை அதுதான்.

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அயல் மகரந்தம் விழுவது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் கீழே. பூ காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் திறந்து மூடிவிடும். வெளியே வந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள்தான். அதனால்தான் சான்று விதை வயலுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும் என்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான கலப்பு பூவில் நடப்பதில்லை. முன்போகத்தில் உதிர்ந்து தானாக முளைத்த நெல், அறுவடை இயந்திரத்தின் தொட்டியில் தங்கிய நெல், களத்துத் தார்ப்பாயின் மடிப்பில் ஒளிந்த நெல், சாக்கின் தையலில் சிக்கிய நெல். விதைக்கென்று அறுக்கும் துண்டை இயந்திரத்துக்கு விடாமல் கையால் அறுத்துத் தனியாக அடித்துக்கொள்வதே பாதிப் பாதுகாப்பு.

உயரத்தை ஒரே மரபணு என்று சொல்லிவிட்டேன், அது பாதிதான் சரி. குட்டை ரகத்தையும் ஆள் உயரம் வளரும் காட்டுயானத்தையும் ஒட்டுச் சேர்த்து, இரண்டாம் தலைமுறையில் ஆயிரம் செடிகளை அளந்து, எந்த உயரத்தில் எத்தனை என்று கோடு போட்டுப் பார்த்தால் இரண்டு திமில் தெரியும். சிறிய திமில் குட்டைகள், பெரிய திமில் நெட்டைகள். திமிலுக்குத் திமில் பிரிப்பது எஸ்டி1. ஆனால் ஒவ்வொரு திமிலும் ஒரு குச்சி மாதிரி நிற்காது, அகன்று கிடக்கும். கணு எத்தனை, கணுவிடை எவ்வளவு, பூப்பதற்கு எத்தனை நாள் என்பதையெல்லாம் சிறுகச் சிறுக ஏற்றி இறக்கும் வேறு மரபணுக்கள் அந்த அகலத்தை உண்டாக்குகின்றன. அதன்மேல் தழைச்சத்தும் தண்ணீரும் தம் பங்குக்கு அகட்டும். பெரும்பாலான பண்புகள் இப்படித்தான்: ஒரு பெரியண்ணன், பின்னால் ஒரு பட்டாளம்.

பெரியண்ணனே இல்லாமல் பட்டாளம் மட்டும் வேலை செய்தால் எப்படி இருக்கும்? இதை முதலில் கணக்காகக் காட்டியவர்களில் ஒருவர் சுவீடனின் நில்சன்-ஏலே. 1909-இல் கோதுமை மணியின் நிறத்தை வைத்துக் காட்டினார். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்த ஒரு கலப்பில் 64-க்கு 63 ஏதோ ஒரு சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. மூன்று மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சிவப்பு சேர்க்கின்றன என்று வைத்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

அதையே நம் பயிரின் வயதுக்கு மாற்றிப் பார்க்கலாம். புரிவதற்காகக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்: மூன்று மரபணுக்கள், ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படி (நகல்), நீட்டும் படி ஒவ்வொன்றும் 4 நாள் கூட்டும். ஒன்றுமே இல்லாத செடி 100 நாள், ஆறும் இருக்கும் செடி 124 நாள். இந்த இரண்டையும் சேர்த்தால் முதல் தலைமுறை எல்லாம் 112 நாள். இரண்டாம் தலைமுறையில் 64 செடிக்கு, 100 நாளில் 1, 104-இல் 6, 108-இல் 15, 112-இல் 20, 116-இல் 15, 120-இல் 6, 124-இல் 1. நடுவில் குவியலும் இரு பக்கமும் சரிவுமாக, களத்தில் கொட்டிய நெல் அம்பாரம் மாதிரி. இதன்மேல் நாற்றின் வயது, மடை எந்தப் பக்கம், எரு எங்கே கொட்டினார்கள் என்பதெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு செடியையும் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே தள்ளும். படிக்கட்டு மறைந்து வழவழவென்று சரிவாகிவிடும். இது 112-ஆ 116-ஆ என்று ஒரு செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு விந்தை உண்டு. இரண்டு பெற்றோரும் 112 நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றில் முதல் மரபணு இரட்டையாக நீட்டுகிறது, இரண்டாவது கலந்தும் மூன்றாவது இல்லாமலும் நிற்கிறது. மற்றதில் அப்படியே தலைகீழ். இவற்றின் வழியில் 100 நாளில் விளைவதும் 124 நாள் இழுப்பதும் பிறக்கலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத குணம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று மலைக்க வேண்டாம், இரண்டு வீட்டிலும் பிரிந்து கிடந்தது ஒரே வீட்டில் சேர்ந்திருக்கிறது. நெல் ஆராய்ச்சியில் ஒட்டுக்கட்டும் வேலை முழுவதும் நம்பியிருப்பது இந்தச் சேர்க்கையைத்தான்.

நெல்லில் நிஜமாகப் பூக்கும் நாளை ஆளும் மரபணுக்களில் எச்டி1, ஜிஎச்டி7, ஈஎச்டி1 ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவற்றில் சில பகல் நீளத்தைப் பார்த்து வேலை செய்கின்றன. தஞ்சாவூர் அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சின்ன வேறுபாட்டையே பழைய சம்பா ரகங்கள் உணர்ந்து பூக்கின்றன. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கதிர் வருவது அதனால். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்ததும் குறுவைக்கு அந்த ரகத்தைப் போட்டால் பகல் குறையும்வரை வைக்கோல்தான் வளரும்.

ஜிஎச்டி7-இல் இன்னொரு பாடம் இருக்கிறது. அந்த ஒரே மரபணு நாளையும் நீட்டும், உயரத்தையும் கூட்டும், கதிரில் மணியையும் பெருக்கும். ஆகவே குறுவை வயலில் ‘பெரிய கதிர்’ என்று பொறுக்கும் கை, தெரியாமலே ‘தாமதமான செடி’யையும் பொறுக்குகிறது. கலப்புள்ள விதையாக இருந்தால் நாலைந்து போகத்தில் பயிரின் வயது மெல்ல நகரும். ஐந்து நாள், பிறகு ஒரு வாரம். சம்பாவில் ஒரு வாரம் பெரிதில்லை. குறுவையில் ஒரு வாரம் என்றால் அறுப்பு ஐப்பசி மழைக்குள் போய்விழும். விதை பொறுக்கும்போது கதிரின் நீளத்தோடு அந்தச் செடி பூத்த தேதியையும் ஒரு குச்சியில் எழுதி நட்டு வைக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது விளைச்சல். இதை ஒரு பண்பு என்று சொல்வதே பேச்சு வசதிக்குத்தான். நடவு 20-க்கு 15 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 33 குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்று). குத்துக்கு 10 கதிர், கதிருக்கு 100 நிறைந்த மணி, ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்தால் குத்துக்கு 20 கிராம், ஏக்கருக்குச் சுமார் 2,700 கிலோ, 60 கிலோ மூட்டையில் 45 மூட்டை, மா என்ற அளவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒன்று) 15. இந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் தனித்தனிப் பட்டாளம். மணி எண்ணிக்கைக்கு ஜிஎன்1ஏ, மணியின் நீளத்துக்கு ஜிஎஸ்3, அகலத்துக்கு ஜிடபிள்யூ2-உம் ஜிடபிள்யூ5-உம், தூருக்கு வேறு சில. கண்டுபிடித்துப் பெயர் வைத்தவை இவை. பெயர் வைக்கும் அளவுக்குத் தனித்துத் தெரியாத சின்னவை எத்தனையோ.

இவை ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிப்பவையும்கூட. செடி தயாரிக்கும் மாவுச்சத்து ஒரு பானைச் சோறு. பந்தியில் ஆள் கூடினால் இலைக்கு விழுவது குறையும். தூர் அதிகம் கட்டும் செடியின் கதிர் சிறுக்கும், கதிர் பெருத்த செடியில் தூர் குறையும், மணி பெருத்தால் எண்ணிக்கை குறையும். வயலிலேயே மிகப் பெரிய கதிர் எங்கே இருக்கிறது என்று தேடினால் நாலு தூரோடு நிற்கும் குத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதைப் பொறுக்கி விதைத்தால் தூர் கட்டாத பயிரை வளர்க்கிறோம். ஒரே குத்திலேயே தாய்த்தூரின் கதிர் பெரிது, பின்னால் வந்த சிம்பின் கதிர் சிறிது. மரபணு எல்லாவற்றிலும் ஒன்றே.

அப்புறம் வரப்போரம். ஓரக் குத்துக்கு ஒரு பக்கம் முழு வெயில், வேருக்குப் போட்டி பாதி. நாற்று செத்து இடைவெளி விழுந்த இடத்துக்குப் பக்கத்துக் குத்தும் அப்படியே. நடவாள் மூன்று நாற்று வைத்த குத்துக்கும் ஆறு வைத்த குத்துக்கும் வேறுபாடு. வரப்பில் நடந்து பொறுக்கும்போது நாம் பொறுக்குவது வெயிலையும் எருவையும்தான். வெயிலை விதைக்குள் போட்டு வைக்க முடியாது.

டென்மார்க்கின் யோகான்சன் இதை அவரை விதையில் அளந்து 1903-இல் வெளியிட்டார். பத்தொன்பது செடி வழிகளை, அதாவது ஒவ்வொன்றும் ஒரே செடியிலிருந்து வந்த வம்சங்களை,  தனித்தனியாகப் பிரித்தார். வழிக்கு வழி சராசரி எடை வேறு: அதிகமானது 642 மில்லிகிராம், குறைவானது 351. இதுவரை எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரே வழிக்குள் பெரிய விதையைத் தனியாகவும் சிறிய விதையைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பார்த்தார். ஆறு தலைமுறை ஆகியும் இரண்டின் பிள்ளைகளும் ஒரே சராசரிதான். ஒரே வழிக்குள் மரபணு வேறுபாடே இல்லை, பொறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. மரபணுவைக் குறிக்கும் ‘ஜீன்’ என்ற சொல்லையே பிறகு 1909-இல் உண்டாக்கியவர் அவர்தான்.

அவரையும் நெல்லும் இந்த விஷயத்தில் ஒன்று. தனக்குள்ளேயே சேரும் பயிரில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு நிலை பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு, அடுத்து 25, 12.5, 6.25, ஏழாவதில் 1.6 வந்துவிடும். ஆடுதுறை 43 அப்படி உறைந்துபோன வழி. 1998-இல் வெளியானதிலிருந்து அதன் ஒவ்வொரு சுத்தமான செடியும் மற்றதன் நகல். அந்த வயலில் பெரிய கதிரும் சிறிய கதிரும் ஒரே விதை. அங்கே செய்ய வேண்டிய வேலை பொறுக்குவதன்று, மாறுபட்டதைப் பிடுங்குவது. தூர் கட்டும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை.

உப்புத் தண்ணீரில் விதை பிரிப்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, மிதப்பதை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுப்பது அருமையான பழக்கம். நாற்று ஒரே சீராக, திடமாக எழும்பும். பால் பிடிக்கும்போது நன்றாக நிறைந்த மணியைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவே. பரம்பரையில் ஒன்றும் மாறுவதில்லை, ஒவ்வொரு போகமும் திரும்பச் செய்ய வேண்டும்.

நாட்டு ரகம் வேறு கதை. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி என்று நாம் சொல்லும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது பல வழிகளின் கலவை. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில், நாட்டு நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய விதைத் திருவிழாவின் வழக்கம் 2 கிலோ வாங்கினால் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தருவது. அப்படி எத்தனை கை, எத்தனை வயல் மாறி வந்திருக்கும்! அந்தக் கலவைக்குள் நல்ல வழியும் சுமாரான வழியும் இருக்கின்றன. பொறுக்க ஆள் தேவைப்படுவது இங்கேதான். கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோனாமணி ரகத்திலிருந்து ஒரு செடியைப் பிரித்து 1921-இல் வெளியிட்ட ஜி.இ.பி.24 ரகம்தான் பிறகு ஆடுதுறை 27, பி.பி.டி.5204 ஆகிய ரகங்களுக்கு முன்னோர் ஆனது.

ஒரு செடியைப் பார்த்து முடிவு செய்தால் எவ்வளவு கிடைக்கும்? வயலின் சராசரி குத்துக்கு 20 கிராம், நீங்கள் பொறுக்கியவை சராசரி 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 10 கிராம். அந்தக் கூடுதலில் பரம்பரைக்குரிய பங்கு பத்தில் ஒன்று என்றால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது 1 கிராம், சராசரி 21. மீதி 9 கிராம் வெயிலும் எருவும் அதிர்ஷ்டமும் கொடுத்தவை, வந்த வழியே போய்விடும். உயரத்திலும் நாளிலும் இந்தப் பங்கு மிக அதிகம், அதனால் அவற்றைச் செடி பார்த்தே பொறுக்கலாம். விளைச்சலில் அந்தப் பங்கைக் கூட்ட ஒரே வழி, செடியை விட்டுவிட்டு அதன் பிள்ளைகளின் வரிசையைப் பார்ப்பது. இருபத்தைந்து பிள்ளைகளின் சராசரியில் ஒரு குத்தின் அதிர்ஷ்டம் கரைந்துவிடும்.

செய்முறைக்கு இரண்டு சென்ட் போதும். ஒரே சீரான துண்டாக, எருக்குவியல் கிடந்த இடமோ மரநிழலோ மடை வாயோ இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரே வயது நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர். ஒற்றை நாற்று இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். மூன்று நாற்றுக் குத்தில் மூன்று வழிகள் இருக்கலாம், எதை அளக்கிறீர்கள் என்று தெரியாது. சுமார் 1,300 குத்து வரும். சுற்றிலும் இரண்டு வரிசையை மறந்துவிட்டு, மீதியைக் கயிறு கட்டி ஆறு பெட்டியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெட்டிக்குள் மட்டும் ஒப்பிட்டு ஐந்து செடி. மொத்த வயலிலும் சிறந்த முப்பது என்று தேடினால் முப்பதும் எரு விழுந்த மூலையிலிருந்தே வந்துவிடும். பக்கத்துக் குத்து செத்திருந்தால் எவ்வளவு அழகான செடியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கதிரைப் பார்க்காமல் முழுக் குத்தையும் பாருங்கள்: எத்தனை தூர், எத்தனையில் கதிர், பதர் எவ்வளவு, சாய்ந்ததா.

முப்பது செடியையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு வரும்வரை காயவைத்து, தனித்தனிப் பையில். இந்த இடத்தில்தான் பலர் ‘எல்லாம் நல்லதுதானே’ என்று ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டிய நிமிடம் அந்த ஆண்டின் வேலை போயிற்று. சிவப்பு வெள்ளைக் கலப்பு சந்தேகம் இருந்தால் பைக்குப் பத்து மணி எடுத்து உமி உரித்துப் பாருங்கள்.

மறு ஆண்டு பைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 25 செடி. பத்து வரிசைக்கு ஒருமுறை பழைய கலப்பு விதையில் ஒரு வரிசை. 33 வரிசையும் ஒன்றேகால் சென்டுக்குச் சற்று மேலே அடங்கும். சுற்றிலும் காவல் வரிசை வேண்டும். ஒரு வரிசைக்குள்ளேயே உயரமோ பூக்கும் நாளோ பிரிந்து நின்றால் அதன் தாய் ஒட்டுக் கலந்தது, அந்த வரிசையைக் கழித்துவிடலாம். மீதி ஒவ்வொரு வரிசையிலும் குறிக்க வேண்டியவை: பாதிச் செடிகள் பூத்த தேதி, நடுவில் ஐந்து செடியின் உயரம், முனைச் செடி இரண்டையும் விட்டுவிட்டு மொத்த நெல்லின் காய்ந்த எடை. எடையைப் பக்கத்துப் பழைய விதை வரிசையோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேலே நிற்கும் எட்டுப் பத்து வரிசையை மூன்றாம் ஆண்டு இரண்டு மூன்று இடத்தில் சிறு பாத்தியாக நட்டு, கடைசியில் நாலைந்து வழியைச் சேர்த்துக் கலந்து விதையாக்கலாம். ஒரே வழியில் நிறுத்தினால் விளைச்சல் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆனால் நாட்டு ரகத்தின் பலம் அதன் கலவையில் இருக்கிறது. கடலோர உப்பு நிலத்தில் ஒரு வழி கருகினால் இன்னொன்று தாங்கும். எனவே நாலைந்து வழியாக வைப்பதே என் கட்சி. பழைய விதையிலும் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள்.

ஒற்றை மரபணு வேலைகளை இப்படிப் பொறுக்க வேண்டியதில்லை, ஆராய்ச்சி நிலையமே செய்து தந்துவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகத்திலிருந்து வந்த, வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கவைக்கும் சப்1 அப்படி. அதன் முக்கிய மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. அதை ஏற்றிய சி.ஆர்.1009 சப்1 ரகம் சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிழைக்கும். மூழ்கும்போது வளராமல் சக்தியைச் சேமிப்பதுதான் அதன் தந்திரம். அதனால் அரை உயரத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் பள்ளத்துக்கு அது மருந்தன்று. ஒற்றை மரபணுவின் பலவீனம் பூச்சியில் தெரியும். 1973-இல் வந்த ஐ.ஆர்.26, பிபிஎச்1 என்ற ஒன்றை நம்பிப் புகையானை எதிர்த்தது, சில ஆண்டுகளில் புகையான் அதைத் தாண்டிவிட்டது. 1985-இல் வந்த ஐ.ஆர்.64-இலும் அதே மரபணுதான், ஆனால் கூடவே சின்னச் சின்ன மரபணுக்கள் பல. அதன் எதிர்ப்பு நெடுநாள் நின்றது.

வீரிய ஒட்டு நெல்லில் விதை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது முதல் தலைமுறைக் கலப்பு, மறு போகம் எல்லாப் பட்டாளமும் பிரியும். உயரம், நாள், மணி எல்லாம் கலைந்து, கூடவே மகரந்த வளம் இல்லாத செடிகளும் பிறந்து பதர்க் கதிராக நிற்கும்.

பைகளில் எண்ணைப் பென்சிலால் எழுதி ஒரு சீட்டை உள்ளே போட்டு, இன்னொன்றை வெளியே கட்டுங்கள். மையால் எழுதியது கார்த்திகை ஈரத்தில் ஊறிப்போனால் முப்பது பையும் ஒரே பைதான்.